பதினொரு மாடு தின்ற டெனிஸ் தரை

1936ஆம் ஆண்டு யூன் மாதம் பதினேழாந் திகதி, புதன்கிழமை, பின்னேரம் நாலரை மணி. நூற்றிருபது அடி நீளமும் அறுபது அடி அகலமும் கொண்ட ஒரு தரையில் ஒற்றைப் புல் இல்லை. வெள்ளை மணல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. குருக்கள்மடத்துக் கண்ணகை இடுப்பில் கையை ஊன்றி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் தன் கூட்டம் இவ்வளவு சுத்தமாக ஓரிடத்தில் களையெடுத்ததில்லை என்று நினைத்தாள்.

அந்தக் கணிப்பில் பிழையில்லை. பிடுங்கிய பொருளில்தான் பிழை. அவர்கள் இரண்டு பகலில் வேரோடு கிளப்பியது, புளியந்தீவின் வாவிக்கரையோரம் இருந்த ஒரு சிறிய டெனிஸ் கழகத்தின் புல்தரை. முழுவதையும்.

கண்ணகைக்கு அப்போது நாற்பது வயது. நெடுத்த, எலும்பு தெரியும் உடம்பு. வெயிலில் காய்ந்த முகம். எதைப் பார்த்தாலும் கொஞ்சம் குனிந்து பார்க்கும் பழக்கம். அந்தக் குனிவு தொழிலில் வந்தது. பதினெட்டு வயதில் தாயின் கூட்டத்தோடு வாவியைக் கடந்து படுவான்கரை வயல்களுக்குக் களையெடுக்கப் போனவள், தாய்க்கு முழங்கால் விழுந்ததும் கூட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அவளோடு சேர்த்துப் பதினொரு பெண்கள். ஆளுக்கொரு உழவாரம், தலையில் ஒரு துண்டு, மடியில் வெற்றிலை. விடியமுன் தோணி ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள்.

நெல் விதைக்கிறவனுக்கு அறுகம்புல்லைப்போல எதிரி வேறில்லை. மேலே இழுத்தால் மேலே உள்ளது மட்டும் வரும். அடியில் ஒரு கணு கிடந்தாலும் ஏழாம் நாள் தலை நீட்டும். வரம்பில் எறிந்தால் வரம்பிலேயே வேர் பிடிக்கும். அதனால் கண்ணகையின் கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது: கணு மிஞ்சக்கூடாது. யாராவது அவசரத்தில் ஒன்றை அறுத்துவிட்டு நகர்ந்தால் பின்னாலிருந்து கண்ணகையின் குரல் வரும்.

“உட்ட கணுவுக்கு ஒரு பேர வெச்சிப்போட்டு வா புள்ள. நாளைக்கு அது உன்னத்தான் தேடி வரும்.”

அவளுடைய கூட்டம் இறங்கி ஏறிய வயலில் அடுத்த போகத்துக்குப் பிள்ளையாருக்கு வைக்கவும் அறுகு கிடைக்காது என்று வயல்களுக்குச் சொந்தக்காரரான போடியார்மார் சொல்வார்கள். அந்தப் பேர்தான் புறக்டர் தங்கராசாவின் காதுக்கு எட்டியது.

தங்கராசா வழக்குப் பேசுகிறவர். டெனிஸ் கழகத்தின் செயலாளர். ஓகஸ்ட் எட்டாந் திகதி திருகோணமலையிலிருந்து எட்டுப் பேர் போட்டிக்கு வருவதாக இருந்தது. கழகத்தின் தரைகாரன் காத்தான்குடி அசனார் தரைக்கு மாட்டெரு போட்டிருந்தார். அதில் வந்த விதையில் அங்கங்கே கோரை முளைத்திருந்தது. அசனாரோ ஏறாவூரில் தமக்கை இறந்த மௌத்து வீட்டுக்குப் போயிருந்தார். புறக்டர் கழக விறாந்தையில் நின்று கோரையைப் பார்த்தார். காத்திருக்க மனமில்லை. குருக்கள்மடத்துக்கு ஆள் அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை கண்ணகை அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்தாள்.

“ஐயா, இதில எத எடுக்கிற, எத உடுற?”

“களையெல்லாம் எடு. நல்ல புல்ல விடு. உனக்கு நான் களை காட்டவா வேணும்?” என்றார் புறக்டர். கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்கு நடந்துவிட்டார்.

பெண்கள் தரையைச் சுற்றி நின்றார்கள். கூட்டத்தில் வாய் நீளமானவள் சீதேவிப்பிள்ளை.

“நல்ல புல்லெண்டா எது கா? கோரையும் அறுகும்தானே கிடக்கு. ரெண்டும் சனியன்.”

கண்ணகை நாலு பக்கமும் நடந்து பார்த்தாள். கிணற்றடியில் நின்றுவிட்டாள். வாளியில் சிந்துகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில், இரண்டு முழ அகலத்துக்கு, வெளிர்ப் பச்சையாக, மெத்தென்று ஒரு புல் நின்றது. நாற்றுப்போல ஒரே உயரம்.

“இதுதான் கா நல்ல புல்லு. ஆரோ விதைச்சிரிக்கான். இத ஒருத்தரும் தொடாதீங்க. மத்ததெல்லாம் வேரோட.”

அவள் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அது சீமையிலிருந்து பொட்டலத்தில் வந்த விதை. அசனாரின் முதல் வருட முயற்சியில் மிச்சமாய் நின்ற கடைசித் துண்டு. விதைத்தது நல்லது, விதைக்காமல் வந்தது களை. வயலில் அதைத் தவிர வேறு நியாயம் கிடையாது. அறுகை ஒரு மனிதன் ஆசையாக வளர்ப்பான் என்பது கண்ணகை கேள்விப்படாத சங்கதி. பிள்ளையாருக்கு ஒரு பிடி வேண்டும், சரி. ஏழாயிரத்திருநூறு சதுர அடி பிள்ளையாருக்கும் வேண்டாம்.

மணல் நிலம் என்பதால் வேர்கள் நூல் இழுத்ததுபோல நீள நீளமாக வந்தன. புதன் பின்னேரம் இருபத்திரண்டு கட்டு, ஆளுக்கு இரண்டு. களையெடுத்தவளுக்கே களை என்பது வயல் வழக்கம். பசுவுக்கு அறுகைப்போல ருசி வேறில்லை. கண்ணகையின் புருசன் கதிர்காமத்தம்பி தன் மீன்பிடித் தோணியைக் கழகத்துப் படிக்கட்டில் கொண்டுவந்து நிறுத்தினான். கட்டுகளும் பெண்களும் ஏறினார்கள். இருட்டு விழமுன் டெனிஸ் தரை குருக்கள்மடத்தில் பதினொரு வளவுகளுக்குப் பிரிந்து போய்ச் சேர்ந்தது.

மறுநாள் வியாழன் மத்தியானம் கண்ணகை வளவில் பசுவுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். வளவும் வீடும் அவளுடையவை. அந்த ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், புருசன் வந்து குடியிருப்பவன். வேலிக் கடப்படியில் ஒரு முஸ்லிம் மனிதர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கட்டம்போட்ட சாரன், வெள்ளைத் தொப்பி, பஸ் தூசி படிந்த தாடி. அவர் அவளைப் பார்க்கவில்லை. பசுவின் வாயைப் பார்த்தார்.

“தங்கச்சி, அந்த மாட்ட ஒருக்கா நிப்பாட்டுங்க.”

“ஏன் காக்கா?” என்றாள், மூத்த முஸ்லிம் ஆண்களை அழைக்கும் முறையில்.

“அது தின்றது என்ட டெனிஸ் தரை.”

கண்ணகை பசுவைப் பார்த்தாள், மனிதரைப் பார்த்தாள். வெயிலில் வந்தவர் என்று செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அசனார் மரக்குற்றியில் உட்கார்ந்து, குடித்துவிட்டு, கோபமில்லாத ஒரு குரலில் எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கோபமின்மைதான் அவளைத் தைத்தது.

அவர் முன்னாளில் தறிக்காரர். நாலு வருடத்துக்கு முன் கழகத்தில் சேர்ந்தார். முதல் வருடம் சீமை விதை. மழையில் முளைத்து, பங்குனி வெயிலில் வைக்கோலாகிப் போனது. இரண்டாம் வருடமும் அதுதான். மூன்றாம் வருடம் அவர் வாவிக்கரையெல்லாம் நடந்தார். மாடு மேய்ந்தும், உப்புக் காற்று அடித்தும், ஆள் மிதித்தும் சாகாமல் நிற்பது எது என்று பார்த்தார். அறுகு. அதிலும் இலை ஊசிபோல மெல்லியதாய், தரையோடு தரையாகப் படர்கிற அறுகை ஒவ்வொரு பிடியாகத் தேடி எடுத்து நட்டார். அது தரையை மூட இரண்டு வருடம்.

“புறக்டர் ஐயா என்ன சொல்றார்?” என்று கேட்டாள் கண்ணகை.

“கமிட்டி கேக்கும் எண்டார். தரையப் புடுங்கக்கொள்ள தரைகாரன் எங்க போனான் எண்டு கேக்கும். ஓகஸ்ட் எட்டுக்குத் தரை இல்லாட்டி எனக்கு வேலையும் இல்ல. சரிதானே, தரை இல்லாத இடத்தில தரைகாரன் என்னத்துக்கு?”

“நீங்க மௌத்துக்குத்தானே போனீங்க?”

“அத அவர் மறந்திட்டார். நான் இஞ்ச சண்டைக்கு வரல்ல, தங்கச்சி. மிச்சம் ஏதும் கிடக்கா எண்டு பாக்கத்தான் வந்த.”

கண்ணகை எழுந்தாள். வாழையடிக்குப் போய், அங்கே குவித்திருந்ததைக் காலால் கிளறினாள். மண் ஒட்டிய புல்லைப் பசுவுக்குப் போட்டால் பல் தேயும், வயிறு ஊதும். அதனால் அரிவாளால் வேர்ப்பக்கத்தை வெட்டி வாழையடியில் எறிந்திருந்தாள். வாழைக்கு ஊற்றிய தண்ணீரில் எல்லாம் ஈரமாக இருந்தது. ஒரு கட்டையை எடுத்துக் குனிந்து பார்த்தாள். மூன்று கணு, உயிரோடு.

“காக்கா, இஞ்ச வாங்க. மாடு தின்றது இலைய. சாகாதது இந்தா கிடக்கு. அறுகு எப்பிடிச் சாகும் எண்டு எனக்கல்லவா தெரியும்? சாகாது. அதுதான் இருவத்திரண்டு வருசமா என்ட சண்டை.” பிறகு கேட்டாள்: “எத்தின நாள் இரிக்கு?”

“இண்டையில இருந்து அம்பத்தொரு நாள்.”

“புடுங்கினது என்ட கை. நடுறதும் என்ட கைதான்.”

“பச்சை வராட்டி?”

“வராட்டி உங்கட வேலையும் போகும், என்ட கூட்டத்தின்ட பேரும் போகும். ரெண்டு பேரும் ஒரு சந்தியில இரிந்து கோரைப்பாய் விப்பம்.”

அசனார் அன்று முதல்தடவையாகச் சிரித்தார்.

அந்தப் பின்னேரமே கண்ணகை வளவு வளவாகப் போனாள். பத்து வளவுகளில் வேர்க்கட்டைகள் கிடைத்தன. குப்பையிலிருந்தும், வேலி ஓரத்திலிருந்தும், ஒரு வீட்டில் கோழி கிளறிய இடத்திலிருந்தும். நனைத்த சாக்குகளில் கட்டினாள். சீதேவிப்பிள்ளையின் வளவில் மட்டும் ஒன்றுமில்லை. அவள் வெட்டச் சோம்பிப் புல்லை அப்படியே போட்டிருந்தாள். பசு வேரோடு விழுங்கியிருந்தது.

“உன்ட பசுவுக்கு இனி டெனிஸ் விளையாடத் தெரியும்,” என்றாள் கண்ணகை.

“தெரிஞ்சா நல்லதுதான் மச்சி. என்ட புருசன விட ஒருத்தராவது ஓடி ஆடட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை கண்ணகை புறக்டரின் கந்தோருக்குப் போனாள். வழக்குக் கொண்டுவந்த கட்சிக்காரர்கள் நாலு பேர் வாங்குப் பலகையில் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னாலேயே புறக்டர் குரலை உயர்த்தினார்.

“உன்னைக் களை எடுக்கச் சொன்னா, நீ என்ன செஞ்சிட்டுப் போயிருக்கிறாய்?”

“நல்ல புல்ல உடச் சொன்னீங்க ஐயா. உட்டிருக்கன். கிணத்தடியில நிக்கு, போய்ப் பாருங்க.”

வாங்கில் இருந்த ஒருவர் இருமினார். கண்ணகை நிறுத்தவில்லை.

“எத உடச் சொன்னீங்க எண்டத நானே கமிட்டிக்கு வந்து சொல்லுறன். இல்லாட்டி எட்டாந் திகதி வரைக்கும் தரைய எங்கட கையில தாங்க. அசனார் காக்காவும் அதுவரைக்கும் நிக்கட்டும். கமிட்டிக்கு நான் வரத் தேவையில்ல.”

வழக்கில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்வது புறக்டரின் தொழில்.

“எட்டாந் திகதி காலையில நான் வந்து பார்ப்பன். தரை பச்சையில்லாட்டி ஒன்பதாந் திகதி அவர் வரத் தேவையில்லை. நீயும் புளியந்தீவுப் பக்கம் வரத் தேவையில்லை.”

“ஓம் ஐயா,” என்றாள் கண்ணகை.

நடுவதற்குமுன் ஒரு தர்க்கம் வந்தது. கண்ணகை மணலைக் கையில் அள்ளி விரலிடையில் விட்டாள். எல்லாம் ஓடிப்போனது.

“இதில நீங்க ஊத்தின தண்ணியெல்லாம் வாவிக்குத்தான் போயிரிக்கும் காக்கா. மண் குடிக்கல்ல. இதுக்குச் சேறு போடணும்.”

“சேறு போட்டாக் கோரை வரும்,” என்றார் அசனார்.

“வந்தா எடுப்பம். அதுக்குத்தானே நாங்க இரிக்கம்.”

எதிர்க்கரையில், வற்றிய குளமொன்றின் விளிம்பில், கறுத்த வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. குளத்துக்குப் பொறுப்பான வட்டை விதானையிடம் கண்ணகை போய்க் கேட்டதும் சரி என்றார். குளத்தைத் தூர்வாருகிற வேலை அவருக்கு மிச்சம். கதிர்காமத்தம்பியின் தோணியும் அவன் மச்சானின் தோணியும் நாலு நாளில் இருபத்துமூன்று பாரம் ஏற்றின.

“மீன் ஏத்தின தோணியில சேறு ஏத்துறன்,” என்று கதிர்காமத்தம்பி ஒவ்வொரு தடவையும் கரையில் இறங்கும்போது சொன்னான். “உன்ட ஆத்தா உயிரோட இரிந்திருந்தா என்னை மருமகனாப் பிடிச்சதுக்கு வெக்கப்பட்டிருப்பா.”

“அவ உங்களப் பிடிக்கக்கொள்ளயே வெக்கப்பட்டவதான். பலகையக் கொண்டுவாங்க.”

வயலில் சேற்றைச் சமப்படுத்தும் பலகையால் வண்டலை மணலோடு கலந்து மட்டம் அடித்தார்கள். அசனார் ஒற்றைக் கண்ணை மூடி நேர் பார்த்து நாலு மூலையிலும் முளை அடித்து, தறியில் மிஞ்சிய பாவுநூலை இழுத்துக் கட்டினார். நூல் தொட்ட இடம் மேடு, தொடாத இடம் பள்ளம். கண்ணகைக்கு அது பிடித்துப்போனது. வயலில் தண்ணீர் நின்றுதான் மட்டம் தெரியும். இங்கே உலர்ந்த தரையிலேயே தெரிந்தது.

யூன் இருபத்துநாலும் இருபத்தைந்தும் நடுகை. வேர்க்கட்டைகளை மூன்று கணு வீதம் நறுக்கி, ஒரு சாண் இடைவெளியில் ஈரச் சேற்றில் தூவினார்கள். பிறகு பதினொரு பெண்களும் தோளோடு தோள் வரிசையாக நின்று, பின்னோக்கி அடி வைத்து, குதிக்காலால் ஒவ்வொரு கட்டையையும் மிதித்துப் புதைத்தார்கள். கோயிலில் கண்ணகை அம்மன் சடங்கு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. யாரோ அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாட்டை முணுமுணுக்க, மிதி அந்தத் தாளத்துக்கு விழுந்தது. தெருவில் போன உத்தியோகத்தர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார், என்ன விதைக்கிறீர்கள் என்று.

“அறுகு,” என்றாள் சீதேவிப்பிள்ளை.

அவர் அதைப் பகிடி என்று நினைத்துக்கொண்டு போனார்.

மிதித்த தரையை நனைத்த தென்னோலைக் கிடுகால் மூடினார்கள். இதுவரை எல்லாம் சரி. அன்று பின்னேரம் அசனார் அஸர் தொழுகைக்குப் போன நேரத்தில்தான் கண்ணகை தன் இரண்டாவது பிழையைச் செய்தாள். நட்ட வயலுக்குத் தண்ணீர் கட்டாமல் வீட்டுக்குப் போய் அவளுக்குப் பழக்கமில்லை. பெண்கள் மாறி மாறி இறைத்தார்கள். இருநூறு வாளிக்குமேல் போனது. கிடுகுக்குமேல் தண்ணீர் மினுங்கி நின்றதும்தான் அவள் மனம் ஆறியது.

வெள்ளி விடியலில் அசனார் கிணற்றிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டார். துப்பினார்.

“உப்பு.”

கண்ணகை தானும் அள்ளிக் குடித்துப் பார்த்தாள். கடல்தான்.

“இது தீவு, தங்கச்சி,” என்றார் அசனார். “நாலு பக்கமும் உப்புத் தண்ணி. நடுவில மழை விட்ட நல்ல தண்ணி ஒரு பாலாடை மாதிரி மேல நிக்கி. ஒரு நாளைக்கு எண்பது வாளி எடுக்கலாம். அதுக்கு மேல இழுத்தா அடியில நிக்கிறது ஏறும். நாலு வருசமா நான் ஒவ்வொரு விடியவும் நக்கிப் பாத்துத்தான் வாளி போடுற.”

“எத்தின நாளையால இறங்கும்?”

“மூணு நாள் தொடாம உட்டா இறங்கும், இன்ஷா அல்லாஹ். ஆனா மூணு நாள் இந்த வெயில்ல…” ஆனி மாதத்துக் கச்சான் காற்று நெருப்புப்போல அடித்துக்கொண்டிருந்தது.

கண்ணகை அந்த மூன்று நாளும் வாளிக்குப் பக்கத்தில் ஒருத்தரையும் விடவில்லை. கிணற்றைப் பலகையால் மூடி அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் என்று சீதேவிப்பிள்ளை பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பாள். அது கொஞ்சம் மிகை. ஆனால் கதிர்காமத்தம்பி வந்து கூப்பிட்டும் அவள் வீட்டுக்குப் போகவில்லை, கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் படுத்தாள் என்பது உண்மை. தன் கையால் ஒரு மனிதரின் வேலையை இரண்டாந்தரம் பிடுங்கிவிட்டோமோ என்று ஒருதரம் நினைத்தாள். ஒருதரம்தான். பிறகு அறுகைப் பற்றி நினைத்தாள்: வெயிலில் வரம்பில் பத்து நாள் காய்ந்து, ஒரு தூறலுக்கு எழும்பி நின்ற அறுகு, நெருப்பு வைத்த நிலத்தில் முதலில் வந்த அறுகு. எதிரியை அவளைப்போல அறிந்தவர் யாருமில்லை.

திங்கள் விடியல் இருவரும் குனிந்து ஒரு கிடுகைத் தூக்கினார்கள். சேறு மேலே மெல்லிய கீறலாக வெடித்திருந்தது. கண்ணகை விரலைக் குத்தினாள். உள்ளே ஈரம். அசனார் இன்னொரு கிடுகைத் தூக்கினார். அங்கே ஒரு கட்டையின் நடுக்கணுவில், பல்லி முட்டை நிறத்தில், ஊசிமுனை அளவு ஒன்று கிளம்பியிருந்தது.

அசனார் கிணற்றுக்குப் போய் ஒரு கை அள்ளிக் குடித்தார். இந்தத் தடவை விழுங்கினார்.

அன்றைக்கு ஊற்றியது நாற்பது வாளி. மறுநாளும் நாற்பது. வண்டல் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. வெறும் மணலாக இருந்தபோது எண்பது கேட்ட தரை இப்போது பாதியோடு நின்றது. “நாலு வருசம்,” என்று அசனார் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார். “நாலு வருசம் நான் வாவிக்குத் தண்ணி ஊத்தியிருக்கன்.” சூரியன் ஏறமுன் நீர், ஏறியபின் ஒரு சொட்டும் இல்லை; அது அவர் சட்டம். சிந்தக்கூடாது என்பதும் அவர் சட்டம். சிந்துகிற தண்ணீர் நின்றதும் கிணற்றடிச் சீமைப்புல் பத்து நாளில் மஞ்சளாகிச் செத்தது. அதை யாரும் தேடவில்லை.

யூலை நடுப்பகுதியில் தரை பச்சைக் கொசுவலை போட்டதுபோல ஆனது. அதோடு அசனார் சொன்னபடியே கோரையும் வந்தது. கண்ணகை கூட்டத்தை வரிசையில் இறக்கினாள். அசனார் பின்னால் வந்து நின்றார்.

“பயமா காக்கா?”

“பயமில்ல. சும்மா நிக்கன்.”

பெண்கள் உட்கார்ந்து நகர்ந்தார்கள். விரல்கள் பழக்கத்தில் அறுகுக்குப் போவதும், அதைத் தொட்டுவிட்டுத் திரும்புவதுமாக இருந்தன. ஐந்து நிமிடம் கழித்துச் சீதேவிப்பிள்ளை பெருமூச்சு விட்டாள்.

“பாம்ப உட்டுப்போட்டுத் தவளைய அடிக்கச் சொல்ற மாதிரி இரிக்கு கா. எனக்குக் கை கேக்குதில்ல.”

“கை கேக்காட்டி ரெண்டையும் கட்டிப்போட்டு வாயால புடுங்கு. உன்ட வாய் எண்டா நல்ல கூர்.”

கோரை மட்டும்தான் போனது. மாலையில் அசனார் தரையைச் சுற்றி வந்து ஒரு கணுவும் பிடுங்கப்படவில்லை என்று கண்டதும், அன்றிலிருந்து பின்னால் நிற்பதை விட்டுவிட்டார்.

ஓகஸ்ட் மாதம் பிறந்தபோது கொடி எல்லா இடத்திலும் பின்னியிருந்தது. ஆனால் இலை நாலு விரல் உயரம். பந்து எழும்பாது. கழகத்தின் வெட்டு யந்திரம் துருப்பிடித்துப் பல் உடைந்து கிடந்தது. அசனார் பாவுநூலை மறுபடி எடுத்தார். தரைக்கு ஒரு விரற்கடை மேலே, குறுக்காக, இரண்டு முழத்துக்கு ஒன்றாக நூல் கட்டினார். பெண்கள் அரிவாளைப் படுக்கவைத்துப் பிடித்து, நூலுக்கு மேலே நின்றதை அறுத்துக்கொண்டே போனார்கள். நெல் அறுக்கிற கை, ஒரே உயரம். அறுத்த புல்லைக் கண்ணகை அசனாரிடம் காட்டினாள்.

“இது இலைதான் காக்கா. கொண்டுபோகட்டா?”

“கொண்டுபோங்க. சீதேவிப்பிள்ளைட மாட்டுக்கு ரெண்டு பங்கு.”

எட்டாந் திகதி, சனிக்கிழமை, காலை ஏழு மணிக்குப் புறக்டர் வந்தார். அசனார் சுண்ணாம்புக் கோட்டைப் போட்டு முடித்திருந்தார். கண்ணகையும் பெண்களும் கிணற்றடியில் நின்றார்கள். புறக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நடந்தார். நடுவலைவரை போனார், மறுமுனைக்குப் போனார், வடகிழக்கு மூலையில் நின்றார். அங்கே பாய் அளவுக்கு ஒரு வழுக்கை. கட்டைகள் போதாமல் கடைசியில் விட்ட இடம்.

எல்லாரும் அந்த மூலையையே பார்த்தார்கள்.

“இது கோட்டுக்கு வெளியிலதானே ஐயா,” என்றாள் கண்ணகை. “தேத்தண்ணி மேசைய எங்கயாவது வெக்கத்தானே வேணும்.”

புறக்டர் மேசையைத் தூக்கிவரச் சொன்னார். மேல்விரிப்பு நீளமானதாக இருக்கட்டும் என்றும் சொன்னார்.

பின்னேரம் திருகோணமலைக்காரரில் மூத்தவர் ஒருவர் ஆட்டம் தொடங்கமுன் முழங்காலில் இருந்து உள்ளங்கையால் தரையை அழுத்திப் பார்த்தார். தங்கள் தரை சித்திரையோடு செத்துவிடுகிறது, இதற்கு எங்கே விதை எடுத்தீர்கள் என்று கேட்டார். புறக்டர் அசனாரைக் கைகாட்டினார்.

“அசனாரைக் கேளுங்கள். அவரும் குருக்கள்மடத்துக் கண்ணகையும்தான் நட்டார்கள்.”

அசனார் அவரைக் கிணற்றடிக்குக் கூட்டி வந்தார். கண்ணகை விதை இல்லை என்றாள், வேர் என்றாள், எந்த அறுகு என்று இலையைக் கிள்ளிக் காட்டினாள். மாடுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீதேவிப்பிள்ளை சொல்ல வாயெடுத்தாள். கண்ணகை அவள் காலை மிதித்தாள்.

ஐந்துக்கு மூன்று என்று புளியந்தீவு தோற்றது. வெயிலை, காற்றை, பந்தைக் குறை சொன்னார்கள். தரையை ஒருவரும் குறை சொல்லவில்லை. ஒன்பதாந் திகதி காலை அசனார் வழக்கம்போலக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளி ருசி பார்த்துவிட்டு நாற்பது வாளி இறைத்தார்.

ஐப்பசியில் மழை விழுந்து படுவான்கரையில் விதைப்பு முடிந்தது. கார்த்திகை முதற் கிழமை கண்ணகையின் கூட்டம் ஒரு போடியாரின் பன்னிரண்டு ஏக்கரில் அறுகு பிடுங்க இறங்கியது. ஊசி இலை உள்ளதாகப் பொறுக்கிய வேர்க்கட்டைகள் ஒரு சாக்கு கதிர்காமத்தம்பியின் தோணியில் புளியந்தீவுக்குப் போயின. அசனார் அவற்றை வடகிழக்கு மூலையில் நட்டார்.